தாத்தாவின் கிராணி மேசைக்கு எந்த எண்ணெய் பூசலாம்?

மேசைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பகாவிலிருந்து எழுதுகிறேன். டவுனுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தா கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். தோட்டம் கைமாறி, பால்மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டபோது பழைய ஆபீஸையும் காலி செய்தார்கள். தாத்தா உட்கார்ந்து செக்ரோல் என்கிற ஆள்கணக்கு எழுதிய மேசையை விட மனசில்லாமல் அப்பா காசு கொடுத்து வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அது பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. மேலே அரிசி மூட்டை, பழைய பேப்பர், அம்மாவின் ஊறுகாய்ப் பாட்டில்கள், ஆணி போட்டு வைத்த பால்மாவு டின் எல்லாம் குடியிருந்தன.

மகள் அடுத்த வருஷம் இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 போகிறாள். அவளுக்குப் படிக்கிற மேசையாக இதையே சரிசெய்து கொடுக்கலாம் என்று ஆசை. நாலு பேர் பிடித்தால்தான் நகர்கிறது, அவ்வளவு கனம். மேல்பலகையில் கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு பளபளப்பு, அது இடையிடையே செதில் செதிலாக உரிகிறது. டின் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். இரண்டு இழுப்பறை, இன்னும் நன்றாகவே ஓடுகின்றன.

கடையில் வாங்கும் மேசை மாதிரி பிளாஸ்டிக் பளபளப்பு எனக்கு வேண்டாம், கை வைத்தால் மரம் தெரிய வேண்டும், அதனால் எண்ணெய் பூசலாம் என்று முடிவெடுத்தேன். வாயைத் திறந்து சொன்னதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு எண்ணெய் சொல்கிறார்கள். அப்பா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு மாமா லோரி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை அடி, ஜென்மத்துக்கும் கரையான் வராது என்கிறார். ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) டீக் ஆயில் என்று ஒரு டின்னை எடுத்து நீட்டினார். வீடியோவில் எல்லாரும் டங் ஆயில் என்கிறார்கள். சித்தப்பா ஆளிவிதை எண்ணெய் வாங்கி வீட்டிலேயே கொதிக்க வைத்துப் பூசு என்கிறார்.

எதைக் கேட்பது? பழைய பாலிஷை எடுக்க வேண்டுமா, அதன் மேலேயே எண்ணெய் பூசலாமா? கூடவே ரப்பர் மரத்தில் செய்த புத்தக அலமாரி ஒன்றும், பச்சைப் பெயிண்ட் அடித்த சாய்வு நாற்காலி ஒன்றும் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


உளிச்சத்தம்:

தங்கச்சி, எண்ணெயை அப்புறம் பார்ப்போம். முதலில் மேசை மேல் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் இறங்கி அங்கேயே காய்ந்து இறுகுகிற சமாச்சாரம். மேலே பழைய பாலிஷ் ஒரு தோலாக உட்கார்ந்திருந்தால் எண்ணெய் எங்கே இறங்கும்? மேலேயே நின்று பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், ஒரு மாதத்தில் மேசையைப் பார்க்கவே வெறுத்துப் போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். மேசைக்காலின் பின்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பாலிஷ் இளகி, பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஷெல்லாக், அரக்கில் செய்த பழைய பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியவில்லை, தின்னருக்கு இளகுகிறது என்றால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷ், அதைச் சுரண்டியோ தேய்த்தோதான் எடுக்க வேண்டும். நீங்கள் சொல்கிற கறுத்த பளபளப்பையும் காலத்தையும் வைத்துப் பார்த்தால் ஷெல்லாக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் என்ன மரம் என்று பாருங்கள். இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்துவிட்டு உள்சட்டத்தைப் பாருங்கள், அங்கே பாலிஷ் இருக்காது. செம்பழுப்பு நிறம், வெறும் கண்ணுக்கே தெரிகிற பெரிய துளைகள், அந்தத் துளைகளில் மஞ்சள் பொடி அடைத்தது போல இருந்தால் மெர்பாவ். மஞ்சள் கலந்த பழுப்பாக, நார் நெருங்கி, கல்லாய்க் கனத்தால் செங்கால். தேக்கு என்றால் கை வைத்தாலே ஒரு வழுவழுப்பும் தோல் வாசனை மாதிரி ஒன்றும் வரும். நான் மூவாரில் பர்னிச்சர் பட்டறையில் இருந்த காலத்தில் பழைய தோட்டத்து ஆபீஸ் சாமான் நிறைய கைக்கு வந்தது, மெர்பாவ்தான் அதிகம் பார்த்தேன்.

மெர்பாவ் என்றால் ஒரு எச்சரிக்கை. ஸ்டீல் உல் பக்கமே போகாதீர்கள். அதன் தூள் துளைகளுக்குள் மாட்டிக்கொள்ளும், நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும், மரத்தில் உள்ள டானின் என்கிற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புப் புள்ளி புள்ளியாக வந்துவிடும். உங்கள் ஆணி டின் வைத்த வட்டமும் அதே கதைதான். பாத்திரம் தேய்க்கிற நைலான் நார் போதும்.


செம்பனைக்காட்டான்:

சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை, ஆலை வாசனை வீட்டுக்குள்ளேயே வருகிறது, இத்தனை எண்ணெயை வைத்துக்கொண்டு மேசைக்கு மட்டும் சீன தேசத்து டங் ஆயில் வேண்டுமாம். பாமாயில் பூசினால் என்ன ஆகும்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். எங்கள் தாத்தா மண்வெட்டிப் பிடிக்கெல்லாம் சமையல் எண்ணெய்தான் தடவுவார்.


சோதனைக்குழாய்:

நல்ல கேள்விதான். எண்ணெயில் காய்கிற எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு ஜாதி உண்டு. காய்வது என்றால் தண்ணீர் ஆவியாவது போல இல்லை. காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிற வேலை அது. அதற்கு எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருக்க வேண்டும். அதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 130க்கு மேல் இருந்தால் காயும், அதற்குக் கீழே 100 வரைக்கும் அரைகுறை, அதற்கும் கீழே என்றால் காயவே காயாது.

தேங்காய் எண்ணெய்க்கு இந்த எண் 10ஐ ஒட்டி. பாமாயிலுக்கு 50 சொச்சம். நல்லெண்ணெய் 100ஐக் கொஞ்சம் தாண்டும், ஆனால் உருப்படியாகக் காயாது. ஆளிவிதை எண்ணெய் 170க்கு மேல். டங் எண்ணெய் 160 பக்கம்தான், ஆனால் அதன் இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் ஆளிவிதையைவிட நன்றாகவே இறுகும், தண்ணீரையும் கூடுதலாகத் தாங்கும்.

அதனால் மேசைக்காரியின் அப்பா சொன்ன தேங்காய் எண்ணெய் அன்றைக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரத்தில் மங்கும், மறுபடி தடவ வேண்டும், போகப் போகச் சிக்கு வாடை வரும். மண்வெட்டிப் பிடிக்குச் சரி, தினம் கை பட்டுத் தேய்கிற பொருள். மகளின் புத்தகம் படுக்கிற மேசைக்குச் சரிவராது.

ஒரு துணுக்குச் செய்தி. ரப்பர் விதையிலிருந்து எடுக்கிற எண்ணெய்க்கு அயோடின் எண் 130ஐச் சுற்றி வரும். பெயிண்ட் தயாரிப்பில் ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாமா என்று ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். சின்ன வயதில் கல்லில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடினோமே, அந்த விதைதான். கடையில் டின்னில் கிடைத்தால் நானே முதலில் வாங்கிப் பூசிப் பார்ப்பேன்.

கறுப்பு எண்ணெய் பற்றி: வேலிக்கட்டைக்கு அடிக்கிறார்கள், தெரியும். வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது பெட்ரோலிய எண்ணெய், காயவே காயாது. எஞ்சினுக்குள் எரிந்து எரிந்து தோலுக்கு ஆகாத நச்சும் உலோகத்தூளும் அதில் சேர்ந்திருக்கும். பிள்ளையின் பள்ளிச் சட்டைக் கை முழுக்க மை பூசியது போல வந்து நிற்கும்.


பழம்பொருள்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். அது ஷெல்லாக் பாலிஷ் என்றால் அதை ஏன் எடுக்க வேண்டும்? ஷெல்லாக்கின் அருமையே பழைய பூச்சோடு புதிய பூச்சு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதுதான். அழுக்கைத் துடைத்து, உரிந்த இடத்தை லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக்கை மேலே இரண்டு கை ஓட்டினால் மேசை எழுந்து உட்கார்ந்துவிடும். அரை நூற்றாண்டு நிறத்தை சேண்ட்பேப்பரால் தேய்த்துக் கொட்டிவிட்டு எண்ணெய் பூசி ‘இயற்கை’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. தாத்தா கை பட்ட மேசை என்று நீங்களே சொல்கிறீர்கள், அவர் கை தொட்டது அந்தப் பாலிஷைத்தான்.

மைக்கறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சம்பள நாள் கணக்கு எழுதிய கறை அது.


உளிச்சத்தம்:

பழம்பொருள் அண்ணே சொல்வது காட்சிக்கு வைக்கிற மேசைக்கு நூற்றுக்கு நூறு சரி. படிக்கிற பிள்ளை இதில் தேயோ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) வைக்கும், மெகி தட்டு வைக்கும். ஷெல்லாக்குக்கு ஈரம் பட்டால் வெள்ளை வட்டம், சூடு பட்டால் இளகல், கை சுத்தம் செய்கிற சானிடைசர் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடமே கரைந்து போகும், ஸ்பிரிட்தானே அதிலும் இருக்கிறது. மேல்பலகையை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெய் போடட்டும். கால், பக்கவாட்டு, இழுப்பறை முகப்பு எல்லாம் அண்ணன் சொன்னபடி ஷெல்லாக்கைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளட்டும். நிறம் கொஞ்சம் வித்தியாசப்படும், பார்க்க அழகாகவே இருக்கும்.


பழம்பொருள்:

சரி, அதற்கு ஒத்துக்கொள்கிறேன். மைக்கறை விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.


மேசைக்காரி:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும்தான். ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன், பஞ்சு தேன் நிறத்தில் வந்தது, ஒட்டுகிறது. ஷெல்லாக்தான் போல. இழுப்பறையை வெளியே எடுத்தால் உள்ளே மரம் சிவப்பாக இருக்கிறது, நகத்தால் கீறினால் துளையிலிருந்து மஞ்சள் பொடி வருகிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ‘மெர்பாவ்தான், எனக்கு முன்பே தெரியும்’ என்கிறார். இத்தனை நாள் தேக்கு என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல்பலகைக்கு மட்டும் எண்ணெய் என்பது எனக்கும் பிடித்திருக்கிறது. இனி எந்த எண்ணெய், எப்படி என்று சொல்லுங்கள். அந்த டீக் ஆயில் டின்னைத் தவுக்கே இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்.


உளிச்சத்தம்:

டின்னில் எழுதியிருக்கிற பெயரை நம்பாதீர்கள். டீக் ஆயில் என்பது தேக்கிலிருந்து எடுத்தது இல்லை, தேக்குக்குப் பூசலாம் என்று விற்கிற கலவை. டேனிஷ் ஆயிலும் அப்படித்தான், காய்கிற எண்ணெய், கொஞ்சம் வார்னிஷ், கொஞ்சம் தின்னர் மூன்றும் சேர்ந்தது. டங் ஆயில் பினிஷ் என்று எழுதியிருக்கும், உள்ளே டங் எண்ணெய் பேருக்குக்கூட இருக்காது, நீர்த்த வார்னிஷாக இருக்கும். சுத்த டங் ஆயில் வேண்டும் என்றால் நூறு சதவிகிதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘பாய்ல்டு’ லின்சீட் ஆயில் என்று விற்கிற ஆளிவிதை எண்ணெயையும் இப்போது பெரும்பாலும் யாரும் கொதிக்க வைப்பதில்லை. சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகளைக் கலந்து விற்கிறார்கள். ஒன்றும் கலக்காத ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு காய நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் இழுக்கும், கலந்தது நல்ல வெயில் நாளில் மறுநாளே காய்ந்துவிடும். அதனால் சித்தப்பாவிடம் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சினால் அந்த உப்பு எங்கிருந்து வரும்? எண்ணெய் தீப்பிடித்தால்தான் உண்டு.

படிக்கிற மேசைக்கு என்னைக் கேட்டால் டேனிஷ் ஆயில் வகைதான். அதில் இருக்கிற வார்னிஷ் தண்ணீர்க் கறையை ஓரளவு தாங்கும். வெறும் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சில் ஐஸ் கிளாஸ் வைத்தால் வட்டம் விழத்தான் செய்யும். தவுக்கே வைத்திருக்கிற டின்னைத் திருப்பிப் பின்னால் இருக்கிற குறிப்பைப் படியுங்கள், உட்புறத்துக்கு, துணியால் பூசித் துடைப்பது என்று இருந்தால் அதுவே போதும், கோலாலம்பூர் வரை தேடிப் போக வேண்டியதில்லை.

வேலைக்கு வருவோம். மேல்பலகையை ஸ்பிரிட் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து எடுங்கள். சன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, சாமி விளக்கையும் அன்றைக்கு அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஸ்பிரிட் ஆவி சட்டென்று பிடிக்கும். பிறகு சேண்ட்பேப்பர் 120ஆம் நம்பர், அடுத்து 180, கடைசியாக 220, மரநார் ஓடுகிற வாக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே இழுத்த கீறல் எண்ணெய் பட்டதும் பல்லை இளிக்கும். முகமூடி கட்டாயம், மெர்பாவ் தூள் மூக்கையும் தொண்டையையும் ஒரு வழி பண்ணிவிடும். 220க்கு மேல் போக வேண்டாம், எண்ணெய் இறங்க இடம் வேண்டும். தூசியைத் தட்டிவிட்டு டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு துடை துடையுங்கள். அந்த ஈரம் காய்வதற்குள் மேசை எண்ணெய் பூசினால் எப்படி இருக்கும் என்று காட்டிவிடும், விட்டுப்போன கீறலும் தெரிந்துவிடும். தண்ணீர்த் துணியால் துடைக்காதீர்கள், மெர்பாவ் சாயம் விட்டு அழும்.

கறுப்பு வட்டம் தேய்த்த பிறகும் இருந்தால் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவினால் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விஷம் அது, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பிறகு நன்றாகக் கழுவித் துடைத்து, முழுசாகக் காய விட்டு, லேசாக மறுபடி ஒரு தடவை தேயுங்கள்.

இனி எண்ணெய். முதல் பூச்சைத் தாராளமாக ஊற்றித் துணியால் பரப்புங்கள். மரம் குடிக்கிற இடத்தில் மங்கும், அங்கே இன்னும் கொஞ்சம். கால் மணி, இருபது நிமிஷம் விட்டுவிட்டுச் சுத்தமான துணியால் துடையுங்கள், ஒட்டத் துடைக்க வேண்டும், மேலே ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாது, துடைத்த பிறகு கை வைத்தால் கை காய்ந்த மாதிரியே இருக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் கூட நின்றால் பளபளப்பு கூடும் என்று நினைக்கிறார்கள், கூடுவது பிசுக்கு மட்டும்தான்.

துடைத்துவிட்டோம் என்று டீ குடிக்கப் போய்விடாதீர்கள். மெர்பாவுக்குத் துளை பெரிது. ஒரு மணி நேரம் கழித்து வந்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் துளைகளிலிருந்து எண்ணெய் ஊசிமுனை ஊசிமுனையாக மேலே வந்து நிற்கும். அதைத் துடைக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும், மறுபடியும் துடைக்க வேண்டும். விட்டால் ஒவ்வொன்றும் காய்ந்து மினுக்கும் பருக்களாகிவிடும், அப்புறம் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதல் பூச்சில்தான் இந்தத் தொல்லை அதிகம், அடுத்தடுத்ததில் குறையும்.

இரண்டாவது பூச்சு எப்போது? மேசை சொல்லும். புறங்கையை வைத்தால் குளிர்ச்சியும் இருக்கக் கூடாது, ஒட்டலும் இருக்கக் கூடாது, மூக்கை வைத்தால் வாடை குறைந்திருக்க வேண்டும். மூன்று நாலு பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெல்லியதாக, அவ்வளவுதான்.


சோதனைக்குழாய்:

காலநிலையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அக்டோபர், நவம்பரில் மத்தியானம் ஆனால் இடியும் மழையுமாக இருக்கிறபோது இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் காய்வது இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் ஆளிவிதை எண்ணெயில் பூசணம் வந்து உட்கார்ந்துவிடும், அதற்கு அது தீனி. பால்மரம் இலை உதிர்க்கிற பிப்ரவரி, மார்ச்தான் நம் பக்கம் இதற்குத் தோதான காலம். அவசரம் என்றால் வீட்டுக்குள் வைத்து, காலையில் ஆரம்பித்து, விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். நேர் வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், துளைக்குள் இருக்கிற எண்ணெய் சூடாகி இன்னும் மேலே கொப்பளிக்கும்.

கரையான் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. இந்த எண்ணெய் எதுவும் கரையானைத் தடுக்காது. மெர்பாவ் தானாகவே ஓரளவு தாங்கும் மரம். மேசைக்கால் ஈரத்தரையில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.


ராத்திரி_ஷிப்ட்:

எல்லாரும் ஒட்டத் துடை, ஒட்டத் துடை என்கிறீர்கள், துடைத்த துணியை என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! இதற்காகவே உள்ளே வந்தேன்.

காய்கிற எண்ணெய் ஆக்ஸிஜனை இழுக்கும் என்று மேலே சொன்னதன் மறுபாதி இதுதான், இழுக்கும்போது சூடு வரும். மேசையில் அந்தச் சூடு பரவிப் போய்விடும். துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வைக்கோல் போர் உள்ளே புழுங்கிப் பற்றுகிற மாதிரி. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒன் மெரிடியன் பிளாசா என்கிற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரவேலைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஆளிவிதை எண்ணெய்த் துணிதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 30ஆம் மாடியில் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இருந்ததால்தான் நெருப்பு அங்கே நின்றது.

துணியை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளியே துணிக்கொடியிலோ வேலியிலோ விரித்துப் போடுங்கள், ஒன்றன் மேல் ஒன்று படக் கூடாது. விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். மழை என்றால் மூடி உள்ள இரும்பு டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி வையுங்கள். தோட்டத்துப் பலகை வீடாக இருந்தால் இன்னும் கவனம், பொம்பா (தீயணைப்பு) வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.


மேசைக்காரி:

ஐயோ, நான் துணியை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கடைசியாகத் தூக்கிப் போடலாம் என்றுதான் இருந்தேன். நல்ல வேளை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், எண்ணெய் வேலையே வேண்டாம் என்கிறார். சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இழுப்பறைக்கு உள்ளேயும் இதே எண்ணெய் பூசலாமா?


பழம்பொருள்:

பூசவே பூசாதீர்கள். மூடி இருக்கிற இடத்தில் காற்று புகாது, எண்ணெய் வாடை வருஷக் கணக்கில் போகாது, உள்ளே வைக்கிற நோட்டுப் புத்தகமெல்லாம் அதே வாடை அடிக்கும். உள்ளே ஒன்றும் பூசாமல் விடுவது உத்தமம், பூசியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய ஷெல்லாக். இழுப்பறை ஓடுகிற சட்டத்தில் மட்டும் மெழுகுவத்தியை இரண்டு இழுப்பு தேய்த்துவிடுங்கள்.

பச்சை நாற்காலி எந்தக் காலத்துப் பெயிண்ட்? பழைய எண்ணெய்ப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்தபடியே சேண்ட்பேப்பர் போட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். பிள்ளை இருக்கிற வீடு. பெயிண்ட் கரைப்பான் தடவி இளக்கி ஈரத்தோடு சுரண்டுங்கள், இல்லாவிட்டால் அதை இப்போதைக்குச் சும்மா விடுங்கள்.


உளிச்சத்தம்:

ரப்பர் மர அலமாரி கடையில் வாங்கியது என்றால் அதன் மேல் ஏற்கெனவே லேக்கர் இருக்கும், எண்ணெய் இறங்காது, துடைத்து வைத்தால் போதும். பூச்சு இல்லாத வெறும் பலகை என்றால் எண்ணெய் பூசலாம், கொஞ்சம் மஞ்சளாகும்.

அப்பா காலத்தில் அந்த மரம் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கொட்டகைக்கும்தான் போனது. மாவுச்சத்து நிறைய உள்ள மரம், வெட்டிப் போட்டால் நாலு நாளில் நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். போரிக் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்துகிற முறை வந்த பிறகுதான் பர்னிச்சர் மரமானது, இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்கு இன்னொரு பிழைப்பு கிடைத்தது. இன்றைக்கு மூவாரில் பாதிப் பட்டறை அதை நம்பித்தான் ஓடுகிறது.


கித்தாக்காடு:

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதே ஜாதிதான். ஒரு துக்காங்கிடம் (தச்சரிடம்) ஊஞ்சல் பலகை செய்யக் கொடுத்தோம். அவர் லின்சீட் ஆயிலைப் பிரஷ்ஷில் கெட்டியாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், ‘வெயிலில் வை, காய்ந்துவிடும்’ என்றார். மாதக்கணக்காகிறது, உட்கார்ந்து எழுந்தால் வேட்டி ஊஞ்சலோடு வருகிறது. திரும்பக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. மொத்தமாகச் சுரண்டிவிட வேண்டுமா?


உளிச்சத்தம்:

வேண்டாம். முதலில் நைலான் நாரில் டர்பன்டைன் தாராளமாக நனைத்துத் தேயுங்கள், மேலே நிற்கிற பசை கரைந்து வரும், உடனுக்குடன் துணியால் வழித்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் மரம் தெரியும். அது கரையாத அளவுக்கு இறுகிவிட்டது என்றால் சுரண்டியால் வழித்து எடுப்பதுதான் வழி, சேண்ட்பேப்பர் போட்டால் அந்தப் பசையில் தாள்தான் அடைத்துக்கொள்ளும். ஒரு வாரம் நிழலில் காற்றாட விட்டுவிட்டு, அதே எண்ணெயில் மெல்லிய பூச்சு ஒன்று, பூசியதும் ஒட்டத் துடை. அந்தத் துணிகளையும் ராத்திரி ஷிப்ட் சொன்னபடி விரித்துப் போடுங்கள்.


செம்பனைக்காட்டான்:

வேட்டி ஊஞ்சலோடு வருகிறது என்பதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்லா. பாமாயில் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வெட்டுப்பலகைக்கு என்ன தடவுவது? வீட்டில் கேட்கிறார்கள்.


சோதனைக்குழாய்:

பார்மசியில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின். அது காயாத எண்ணெய்தான், ஆனால் கெட்டும் போகாது, சிக்கு வாடையும் வராது. வெட்டுப்பலகை தினம் கழுவித் தேய்கிற சாமான், அவ்வப்போது தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.


மேசைக்காரி:

மேல்பலகையைத் தேய்த்து முடித்தாயிற்று. டர்பன்டைன் துடைத்தபோது வந்த நிறத்தைப் பார்த்து அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. ஆணி டின் வட்டம் போய்விட்டது. வலது ஓரத்தில் ஒரு மைக்கறை இருக்கிறது, சரியாக வலது கை படுகிற இடம், அதை விட்டுவிட்டேன். பழம்பொருள் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மழை விட்டதும் எண்ணெய். கடைசியாக ஒன்று கேட்கிறேன், முடித்ததும் மேலே கண்ணாடி போட்டுவிடலாமா? தவுக்கே கண்ணாடியும் வெட்டிக் கொடுப்பாராம்.


உளிச்சத்தம்:

உடனே போடாதீர்கள். கைக்குக் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுகி முடிக்க ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் கண்ணாடி வைத்தால் காற்று போகாமல் எண்ணெய் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கண்ணாடியை எடுக்கும்போது பூச்சும் கூடவே வரும். ஒரு மாதம் வெறுமனே புழங்கட்டும், ஈரத்தட்டு மட்டும் வைக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கண்ணாடி வேண்டும் என்று தோன்றினால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டி அதன் மேல் வையுங்கள். தவுக்கேயிடம் இப்போதே அளவு கொடுத்துவிடாதீர்கள்.